தான்தீன், ஒரு ரெசிபி சொல்லுங்க!

சனிக்கிழமை நடந்த கதை இந்நேரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது சாட்சாத் நானேதான். மலேசியாவிலிருந்து ஒரு தம்பி "டீச்சர், கலக்கிட்டீங்க" என்று கைதட்டும் பொம்மை அனுப்பியிருக்கிறார். சந்தோஷம் தம்பி. ஆனால் நான் அங்கே கரண்டி பிடிக்கப் போகவில்லை. கட்டுரை வாசிக்கப் போனேன்.

மூன்று வாரம் முன்பு போன் வந்தது. உள்ளூர் உணவு, மண்ணைக் கெடுக்காத விவசாயம், உணவைப் பற்றிய எழுத்து, எல்லாம் சேர்த்து ஒருநாள் கூட்டமாம். "நீங்கள் அவசியம் வரணும் மேடம், எழுதியதை வாசிக்கணும்" என்றார்கள். முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த மொரீசியஸ் தீவில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு 'எழுதியதை வாசியுங்கள்' என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! பத்து நாள் உட்கார்ந்து தமிழில் நாலு பக்கம் எழுதினேன். கேட்பவர்களுக்குத் தமிழ் புரியாதே என்று நானே பிரெஞ்சிலும் எழுதினேன். மகள் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். இரண்டையும் ஒரு ஃபைலில் வைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போனதும் ஃபைலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஏப்ரனைக் கொடுத்தார்கள். நேரம் போதவில்லையாம். வாசிப்பு "முடிந்தால் கடைசியில்". அதுவரை வாழை இலையில் ஏழு கறி பரிமாறிக் காட்டினால் நன்றாக இருக்குமாம். "நல்லவேளை, புடவையில் வந்தீர்கள்" என்றாள் ஒரு பெண். சமையலாவது என்னுடையதா என்றால் அதுவும் இல்லை. வெளியே ஆர்டர் கொடுத்து வரவழைத்து வைத்திருந்தார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு 'டீச்சர் செய்த பூசணிக்காய்' என்று யாரும் எழுத வேண்டாம், தயவுசெய்து. என் பூசணிக்காய் அப்படிக் குழையாது.

கூட்டம் நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கரும்புத் தோட்ட முதலாளி கட்டிய மாளிகை. சுற்றிலும் வராந்தா, பளபளவென்று மரத்தரை. என் பாட்டி அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். மாளிகையின் பின்வாசலைத் தாண்டிப் போயிருக்க மாட்டார். பேத்தி நான் முன்வாசல் வழியாக ராஜநடை போட்டுப் போய்ப் பரிமாறும் மேசைக்கே வந்து சேர்ந்தேன். நல்ல முன்னேற்றம்.

சரி, மேடைக்கு வருவோம். நாலு நாற்காலி, நாலு மைக். அதில் ஒருவர் முருங்கைக்கீரையைப் பற்றி ஆரம்பித்தார். எல்லாரும் மறந்துவிட்ட செடியாம். அவர்கள்தான் மறுபடி கண்டுபிடித்தார்களாம்.

யாரய்யா மறந்தது? காத்ர் போர்ன் சந்தையில் எந்தக் கீரைக்காரியிடமும் கேளுங்கள், ஒரு கட்டு எடுத்துக் கையில் கொடுப்பாள். புயல் வந்து மரம் முறிந்தால் எங்கள் அம்மா முதலில் கூரையைப் பார்க்க மாட்டார், முறிந்த கிளையை எடுத்து வேலியோரம் நட்டுவிட்டுத்தான் மறுவேலை. 1994இல் ஹொலாண்டா புயல் போன மறுநாள் அம்மா நட்ட போத்துதான் இன்றைக்கும் என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. இதைத்தான் கண்டுபிடித்தார்களாம்! வெளியே ஒரு மேசையில் அதே கீரையைக் காயவைத்து அரைத்து, சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, 'மொரிங்கா' என்று ஒட்டி விற்றார்கள். மொரிங்காவும் முருங்கையிலிருந்து போன பெயர்தான். ஐரோப்பா போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தீவில் முருங்கைக்கீரையை, இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியில் 'ப்ரெட் முரும்' என்பார்கள். ப்ரெட் என்றால் கீரை. கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி. கறிவேப்பிலை கரிபுலே. ரசம் ரஸோன், தலைநகர் போர்ட் லூயிஸ் கோயிலின் கைலாசம், கைலாஸோன் ஆன மாதிரி. சீனக் கடைக்காரரும் கிரியோல் பாட்டியும் முஸ்லிம் தம்பியும் தினமும் காலையில் நம் சொல்லைச் சொல்லித்தான் காய்கறி வாங்குகிறார்கள், விற்கிறார்கள். நாள் முழுக்க உள்ளூர், உள்ளூர் என்று பேசிய அந்தக் கூட்டத்தில், இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

அதைச் சொல்லத்தான் கையைத் தூக்கினேன். நடத்துனர் பார்த்தார். மலர்ந்த முகத்தோடு, "ஆ, தான்தீன்! எங்களுக்கு ஒரு ரெசிபி சொல்லுங்க!" என்றார்.

தான்தீன் என்றால் இங்கே அத்தை, சித்தி மாதிரி. பாசமான சொல்தான், நானும் எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் மேடையில் இருந்த நாலு பேரும் மேடம், மிஸ்யே. போனில் நானும் மேடமாகத்தான் இருந்தேன். ஏப்ரன் கட்டியதும் தான்தீன் ஆகிவிட்டேன். சபை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் என்ன செய்தேன்? ரெசிபி சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான் வீடியோ. நாலு நாளாகத் தூக்கம் வராமல் புரள்வது அந்த நடத்துனரை நினைத்து என்றா நினைக்கிறீர்கள்?

கட்டுரையில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். எங்கள் வீட்டு அம்மிக்கல்லைப் பற்றி எழுதியிருந்தேன். இங்கே அதை 'ரோஸ் கரி' என்பார்கள், கறிக்கல். அம்மா காலையில் மஞ்சளும் மல்லியும் சீரகமும் வைத்துத் தண்ணீர் தெளித்து இழுக்கும்போது முதலில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். போகப்போக அது மெத்தென்று ஆகும். எப்போது மெத்தென்று ஆகிறதோ அப்போது மசாலா ஆயிற்று. அம்மா கண்ணால் பார்த்து வழிக்கமாட்டார், காதால் கேட்டு வழிப்பார். அந்தக் கல்லின் மேல் உருளும் கல்லுக்குக் கிரியோலில் என்ன பெயர் தெரியுமா? 'பாபா'. பாபா என்றால் குழந்தை. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? குழவி. குழவி என்றாலும் குழந்தைதான்!

எனக்கு இது தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது. ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு தமிழச்சி, பக்கத்து வீட்டுக்காரிக்கு அம்மியைக் காட்டி, 'இது அம்மா, இது பிள்ளை' என்று தனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. உலகத்தில் வேறு எங்கேயும் கல்லைக் குழந்தை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உணவு எழுத்து என்று மேடை போட்டால் முதல் நாற்காலி அவளுக்குத்தானே போட வேண்டும்? எழுதப் படிக்கத் தெரியாதவள் எழுதிய ஒரே சொல் அது. கட்டுரை அவ்வளவுதான். வாசித்தால் பதினைந்து நிமிஷம்.

இனி, என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"நேர நெருக்கடி டீச்சர், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள்." பாலாடைக்கட்டி ருசி பார்க்க நாற்பது நிமிஷம் இருந்தது. உள்ளூர் உணவுக் கூட்டத்தில் அந்தப் பாலாடைக்கட்டி எந்தக் கப்பலில் வந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

"நீங்களே ஒரு கூட்டம் போடுங்களேன்." போடுகிறோமே! தைப்பூசக் காவடி முடிந்து கோயில் கோயிலாக உட்காரவைத்து, சாதி மதம் பார்க்காமல், இலை போட்டு ஏழு கறி போடுகிறோமே! வாழைக்காய், பலாக்காய், கீரை, ரஸோன், பாயசம் வரைக்கும். அதற்கு டிக்கெட் இல்லை, அதனால் அது கூட்டம் ஆகாது போலிருக்கிறது. சனிக்கிழமை டிக்கெட் 2,000 ரூபாய். அதே வாழை இலைக்கு அங்கே பெயர் ஜீரோ வேஸ்ட்.

"மொரீசியஸ் சாப்பாடு எல்லாருடையதும், நீங்கள் மட்டும் சொந்தம் கொண்டாடலாமா?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். தால் பூரி பிஹாரிலிருந்து வந்தவர்களுடையது, 'மீன் ஃப்ரி' என்கிற வறுத்த நூடுல்ஸ் சீனர்களுடையது, 'ரூகாய்' என்கிற தக்காளிக் குழம்பு கிரியோல் அடுப்பில் பிறந்தது. மூன்றையும் நான் ஆசையாகச் சாப்பிடுகிறேன். முருங்கைக்குப் பட்டா எழுதித் தரும்படி நான் கேட்கவில்லை. பேர் சொல்லுங்கள் என்கிறேன். விருந்துக்கு வந்தவர் பாத்திரத்தைத் தன்னோடதாக்கிக்கொண்டு, கொடுத்தவளையே பார்த்து 'இதை எப்படிக் கழுவுவது' என்று கேட்டால் கோபம் வருமா வராதா?

அப்புறம் அந்தப் பையன். அவனைத்தான் என்னால் ஒதுக்க முடியவில்லை. இருபது வயதுகூட இருக்காது. பரிமாறும்போது இலையைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "தான்தீன், இந்த அரிசி, இந்தப் பருப்பு, இதெல்லாம் இங்கே விளைவதில்லையே. அப்புறம் இது எப்படி உள்ளூர்ச் சாப்பாடு?" எனக்குச் சுரீர் என்றது. உண்மைதானே. இந்தத் தீவு சாப்பிடுவதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கப்பலில் வருகிறது. நல்ல நிலத்தில் பெரும்பங்கு கரும்பு. கரும்பைப் போட்டது என் பாட்டியில்லை என்று அவனிடம் சொன்னேன். அது பதில் இல்லை, எனக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் இங்கே பர்மா அரிசி நின்றுபோயிற்று. அம்மா அப்போது சின்னப் பெண். மரவள்ளியும் சோளமாவும்தான் சாப்பாடு. கரும்பு நிலத்திலேயே ஒரு பகுதியில் உணவுப் பயிர் போடச் சொல்லி அரசாங்கம் கட்டாயப்படுத்திய காலம். பாட்டி மரவள்ளியை வேகவைத்து, அதன்மேல் முருங்கைக்கீரைச் சாறை ஊற்றி, சோறு என்று நினைத்துக்கொள் என்பாராம். அம்மா சாகும்வரை மரவள்ளியைத் தொடவில்லை. முருங்கையை விடவில்லை. உள்ளூர் உணவு எது என்று அந்தத் தம்பிக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சரியான நேரத்தில் எனக்கு என்றைக்கு வாய் திறந்தது?

கோபத்தில் எழுத ஆரம்பித்தேன், எங்கேயோ போகிறது. பரவாயில்லை, இதையும் எழுதிவிடுகிறேன்.

1998இல் இங்கே வந்த புது மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள் என்று நாம் எப்படிக் கொதித்தோம்! அச்சடித்த நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். நானும் அந்தக் கோபத்தில் இருந்தேன், இன்றும் அது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த நோட்டில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க நம் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஊர்க் கோயிலில் போன வருஷம் வாழை இலைக்குப் பதில் இலை மாதிரி அச்சடித்த காகிதம் போட்டார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அதில்தான் சாப்பிட்டேன். என் வீட்டு அம்மி பத்து வருஷமாகத் துணி துவைக்கும் இடத்தில் கிடக்கிறது, மசாலா பொட்டலத்தில் வருகிறது. கட்டுரையில் இந்த வரியை எழுதவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் என் வீட்டில் ரஸோன் குடித்துவிட்டு "நல்லா இருக்கு, ஆனா இது ரசம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே போனால் நாம் சொல்வது தமிழில்லை, இங்கே இருந்தால் நாம் சொல்வது எழுத்தில்லை.

மகள் பிரெஞ்சுப் பக்கத்தை மட்டும்தான் தட்டச்சு செய்தாள். தமிழ்ப் பக்கங்களை என் கையெழுத்தில்தான் கொண்டுபோனேன். அவளுக்கு அதைப் படிக்க ஒரு மணி நேரமாவது ஆகும், அவளைக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஃபைலைத் திரும்ப வாங்கும்போது அதன்மேல் யாரோ ஒரு சட்னித் தட்டை வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் வட்டமாக எண்ணெய் ஊறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்பாக்ஸில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். பதினேழு பேர் ரெசிபி கேட்டவர்கள். ஒருவர் என் புடவை எங்கே வாங்கியது என்று கேட்டார்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கீரையைக் காம்பில்லாமல் உருவுங்கள், ஒரு காம்பு விழுந்தாலும் தொண்டையில் நிற்கும். எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டு. பூண்டை வெட்டாதீர்கள், குழவியால் ஒரு தட்டு தட்டிப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி, கொதி வந்த பிறகுதான் கீரை. மூடி போடக்கூடாது, நிறம் செத்துவிடும். இரண்டு நிமிஷத்தில் இறக்கிவிடுங்கள். தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு.

புடவை காஞ்சிபுரம். 2011இல் வாங்கியது.