கீமோ என்றாலே சித்திரவதை இல்லை
"நாய்க்குக் கீமோ கொடுத்தால் முடியெல்லாம் கொட்டி, வாந்தி எடுத்தே செத்துப்போகும்" என்று, புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துச் செய்யும் கீமோதெரபி சிகிச்சையைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. நாய்களுக்கு நோயை அடியோடு ஒழிப்பதைவிட, இருக்கும் நாட்களை நிம்மதியாக்குவதுதான் பெரும்பாலும் நோக்கம். அதனால் டோஸும் மிதமாகத்தான் இருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு முடி கொட்டாது. பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குத்தான் அந்தச் சிக்கல்.

எங்கள் செல்ல நாய்க்கு லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய். ஊசி போட்ட பிறகு கொஞ்சம் சோர்ந்து படுப்பாள், அப்புறம் பார்த்தால் கழுத்துப்பட்டைக் கயிற்றைக் கவ்விக்கொண்டு கதவருகே நிற்பாள். சிகிச்சையே இல்லையென்றால் இந்த நோயில் பொதுவாக ஒன்றிரண்டு மாதம்தான். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கீமோவில் பல நாய்கள் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கின்றன. கடைசியில் அவளை இழந்தோம், மனசு இன்னும் ஆறவில்லை. ஆனால் அவள் வதைபடவில்லை.

எல்லாப் புற்றுநோய்க்கும் கீமோ பொருந்தாது, வேண்டாமென்பதும் தப்பில்லை. அதைக் கால்நடை மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள், இந்தப் பயத்தால் அல்ல.