சாமி ஆப் எதற்கு காண்டாக்ட்ஸ் கேட்கிறது?

டெக் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பிரைவசி பேச்சு எப்படியும் வந்துவிடும். வாட்ஸ்அப்பை நம்பலாமா, நாம் பேசுவதை போன் ஒட்டுக் கேட்கிறதா, எந்த பிரவுசர் நல்லது என்று ஓடும். சோழிங்கநல்லூர் டீக்கடையில் தினமும் நடப்பது இதுதான். ஆனால் அந்தப் பேச்சில் பஞ்சாங்க ஆப், ஜாதக ஆப், தொழுகை நேரம் சொல்லும் ஆப், ஜெப ஆப் எதுவும் வருவதில்லை. நான் எடுத்தால், "ஜோசியம் பாக்கிறவங்களுக்கு இதெல்லாம் வேணும் மச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் எந்தச் சாமியிடம் என்ன வேண்டிக்கொள்கிறார் என்பதைவிட அந்தரங்கமான தகவல் அவர் போனில் வேறு எதுவும் இருக்காது.

பெரம்பூரில் இருக்கும் என் சித்தி, போன் ஸ்லோவாக இருக்கிறது என்று என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு ஜாதக ஆப். லொகேஷன் எந்நேரமும் ஆனில். காண்டாக்ட்ஸ், மைக், போட்டோ எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தார். உள்ளே சாட்டில் மகளின் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம். அதற்குக் கீழே, வரன் ஏன் தட்டிப்போகிறது, தோஷம் ஏதாவது இருக்கிறதா என்று நீளமாக எழுதியிருந்தார். கூடப் பிறந்த என் அம்மாவிடம்கூட அவர் இவ்வளவு மனம்விட்டுப் பேசியதில்லை.

"சித்தி, இதுக்கு எதுக்கு காண்டாக்ட்ஸ் பர்மிஷன் குடுத்தீங்க?"

"கேட்டுச்சு, ஓகே அமுத்திட்டேன்பா. சாமி ஆப்தானே, என்ன பண்ணிடப் போகுது?"

என்ன பண்ணும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் உண்டு. முஸ்லிம் ப்ரோ என்ற ஆப்பைக் கோடிக்கணக்கானோர் தொழுகை நேரம் பார்க்க இறக்கியிருந்தார்கள். அதிலிருந்து லொகேஷன் தகவல் எக்ஸ்-மோட் என்ற டேட்டா தரகு நிறுவனத்துக்குப் போவதாக 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற டெக் செய்தித் தளம் செய்தி வெளியிட்டது. எக்ஸ்-மோடிடம் தகவல் வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள். செய்தி வெளியானதும் ஆப் நிறுவனம் அந்த உறவை முறித்துக்கொண்டது. வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு யார் போனார்கள் என்று காட்டும் லொகேஷனை எக்ஸ்-மோட் விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தடை போட்டது 2024 ஜனவரியில்தான்.

இதற்கு ஹேக்கிங் எதுவும் தேவைப்படவில்லை. தரகு நிறுவனம் ஒரு துண்டு புரோகிராம் கோடைக் (code) கொடுத்து, இதை உங்கள் ஆப்பில் சேர்த்தால் பணம் தருகிறோம் என்கிறது. டெவலப்பர் சேர்த்துவிடுகிறார். லொகேஷன் அனுமதியை நாமே கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். வெள்ளி மதியம் திருவல்லிக்கேணி பெரிய மசூதி, ஞாயிறு காலை சாந்தோம், கிருத்திகைக்கு வடபழனி என்று ஒரு மாதப் புள்ளிகள் கையில் இருந்தால், உங்கள் மதம் என்ன என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது சும்மா தகவல் இல்லை என்று தெரியும். "நீங்க என்ன ஆளுங்க" என்பதைச் சுற்றி வளைத்துக் கேட்கும் வீட்டு ஓனரிடம், கேட்காமலே பதில் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

"மறைக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை" என்பவர்களில் என் நாத்திக நண்பர்களும் உண்டு. கோவிலுக்கே போகாதவர் என்பதும் ஒரு தகவல்தான். அதை வீட்டிலும் ஆபீசிலும் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சொன்ன புட்டசாமி தீர்ப்பிலேயே இது இருக்கிறது. ஒரு நம்பிக்கையைத் தேர்ந்தெடுப்பது மட்டுமல்ல, அதை வெளியே சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் உரிமை.

அப்புறம் வந்த சட்டம்தான் எனக்கு ஏமாற்றம். தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக மத்திய அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் தயாரித்த வரைவில் மத நம்பிக்கை, சாதி, உடல்நலம் ஆகியவை தனிப் பாதுகாப்பு பெறும் தகவல்களாக இருந்தன. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. மளிகைக் கடை பில்லும் சித்தியின் வேண்டுதலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். அதிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும் ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டு, நாம் சரி என்று சொல்லியிருந்தாலும், சிகிச்சைக்குத் தேவையில்லாததால் அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஜாதக ஆப்புக்கும் இது அப்படியே பொருந்தும். எந்தத் தகவலை எதற்காகக் கேட்கிறார்கள் என்ற விளக்கத்தைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, ஆனால் இந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

அதுவரை நம் ஊர் டெவலப்பர்கள் காத்திருக்கத் தேவையில்லை. ராகு காலம் பார்க்கச் சூரிய உதயமும் அஸ்தமனமும் தெரிந்தால் போதும், பகலை எட்டாகப் பிரித்துவிடலாம். எண்ணூருக்கும் தாம்பரத்துக்கும் உதயத்தில் இரண்டு நிமிஷம்கூட வித்தியாசம் வராது. தொழுகை நேரமும் அப்படித்தான். "சென்னை" என்று ஒரு லிஸ்டில் தேர்வு செய்ய வைத்தால் வேலை முடிந்தது. ஜாதகத்துக்கு வேண்டியது பிறந்த ஊர், இப்போது நிற்கிற தெரு இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், கிழிப்பவர் யாரென்று தெரியாமலே நல்ல நேரம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது? இதைத் தெரிந்தும் துல்லிய லொகேஷன் கேட்கிற கோடை எழுதித் தருகிற என் தொழில்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம், சித்தி மேல் இல்லை.

உங்கள் அம்மா, அத்தை, தாத்தா போனை இந்த வாரம் ஒரு தடவை பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் பர்மிஷன் மேனேஜர் இருக்கும். லொகேஷனைத் தொட்டால் எந்தெந்த ஆப் எந்நேரமும் எடுக்கிறது என்று வரிசையாகத் தெரியும். ஆப்பை அழிக்கச் சொல்லி அவர்களைத் திட்டாதீர்கள், அது அவர்களுக்கு வேண்டியது. லொகேஷன், காண்டாக்ட்ஸ், மைக் மூன்றையும் மறுத்துவிட்டு ஆப் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். சித்தி போனில் ஓடியது, ராசிபலன் வழக்கம்போல வருகிறது. ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆப் எதுவென்று கமெண்டில் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் போடுவதென்றால் பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.