சைக்கிளுக்கு வழி விடுவதிலும் ஆள் பார்க்க வேண்டுமா?

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஈசிஆரில் கூட்டமாகப் போகும் ஹெல்மெட் போட்ட ஆட்கள்தான். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கேரியரில் சாப்பாட்டுப் பை கட்டிய செக்யூரிட்டி, ஹேண்டில்பாரில் பெயிண்ட் வாளி மாட்டியவர், ரம்பத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போகும் தச்சர், பின்னால் டீ கேன் கட்டியவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பையன்கள், வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள். இந்த ஊரின் சைக்கிள்காரர்கள் இவர்கள்தான். உடம்புக்கு நல்லது என்பதற்காகவோ சுற்றுச்சூழலுக்காகவோ அவர்கள் ஓட்டவில்லை. பஸ்ஸுக்குத் தினமும் கொடுக்கக் காசு கட்டுப்படியாகாது, அல்லது அவர்கள் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதனால் ஓட்டுகிறார்கள்.

நானும் பல வருடமாகச் சைதாப்பேட்டையிலிருந்து தரமணிக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். சின்னமலை, சர்தார் படேல் சாலை, மத்திய கைலாஷ், அப்புறம் ராஜீவ் காந்தி சாலை. என்னிடம் இரண்டு சைக்கிள் உண்டு. ஒன்று கியர் வைத்தது. அதில் போகும்போது ஹெல்மெட், பளிச்சென்ற மேல்சட்டை, முன்னும் பின்னும் விளக்கு எல்லாம் இருக்கும். இன்னொன்று வீட்டில் ரொம்ப நாளாக இருக்கும், முன்னால் கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள். முதல் சைக்கிள் ரிப்பேருக்குப் போகிற நாட்களில் சாதாரணச் சுடிதாரில், கூடையில் துணிப்பையோடு இதில் போவேன். ஓட்டுகிறவள் நான்தான். சாலையும் நேரமும் வேகமும் அதேதான்.

கியர் சைக்கிளில் போனால் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் "எவ்ளோ மேடம் இது?" என்று ஆர்வமாகக் கேட்பார். கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பாராட்டுவார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, நான் முன்னால் போகட்டும் என்று காத்திருந்தார். கூடை வைத்த சைக்கிளில் போனால் அதே இடத்தில் "ஏம்மா, ஓரமா போக மாட்டியா?" என்று கேட்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஹாரனைக் கையெடுக்காமல் அடிக்கிறார்கள். மேடம் போய் நீ வந்துவிடுகிறது. எனக்கு முன்னால் போகும் வயதான செக்யூரிட்டிக்கு அந்த 'ஏம்மா' கூடக் கிடைப்பதில்லை, "யோவ்" தான். அப்பா வயதில் இருப்பவரைக் கல்லூரிப் பையன் பைக்கில் உரசிக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துத் திட்டுகிறான்.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. சைக்கிள் மெதுவாகப் போகிறது, வழியை மறிக்கிறது என்று சொல்லப்படும் கோபத்துக்கு வேகம் காரணம் இல்லை. நெரிசலில் கார் நடக்கும் வேகத்தில் போனாலும் யாரும் அதன் ஓட்டுநரைப் பார்த்து யோவ் என்று சொல்வதில்லை. சைக்கிளில் போகிறவர் ஏழை என்று தெரிந்தால் அவருக்குச் சாலையில் இடமே இல்லை என்று நினைக்கிறோம். பணம் இருந்தும் சைக்கிளில் போகிறவர் என்று தோன்றினால் மட்டும் கொஞ்சம் இடம் தருகிறோம்.

"ஓரமா போ" என்கிறவர்கள் அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். மண்ணும் ஜல்லியும் அங்கேதான் ஒதுங்கும். உடைந்த பாட்டில் அங்கே கிடக்கும். மழைநீர் வடிகால் வாயும் மேன்ஹோல் மூடியும் அங்கேதான், அதிலும் மூடி சாலை மட்டத்துக்கு இருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்ட இடங்களில் ஓரம் படிக்கட்டு மாதிரி இறங்கும். சைக்கிள் டயர் அந்த விளிம்பில் சிக்கினால் ஆள் விழுவது நிச்சயம், விழுவதும் போக்குவரத்துக்குள்தான். மழை பெய்து தண்ணீர் நின்றுவிட்டால் எது பள்ளம், எது சாலை என்றே தெரியாது. இதற்கெல்லாம் மேல் நிறுத்திவைத்த ஆட்டோக்கள், கார்கள், தள்ளுவண்டிகள். அனுபவம் உள்ள சைக்கிள்காரர் ஓரத்திலிருந்து மூன்று அடி தள்ளிப் போவது திமிரால் இல்லை. அங்கே போனால்தான் உயிரோடு வீடு போய்ச் சேரலாம் என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பெரிய சாலையில் ஒரு வண்டிக்கான தடம் பொதுவாக 3.5 மீட்டர் அகலம். பேருந்து சுமார் 2.5 மீட்டர். சைக்கிள் ஹேண்டில்பார் சுமார் 60 சென்டிமீட்டர். இரண்டையும் கூட்டினால் 3.1 மீட்டர் ஆகிறது. மிச்சம் 40 சென்டிமீட்டர். பேருந்துக்கும் சைக்கிளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சைக்கிளுக்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, பள்ளத்தைப் பார்த்து அவர் கொஞ்சம் வளைய வேண்டிய இடம், எல்லாம் அந்த 40 சென்டிமீட்டரில் அடங்க வேண்டும். அடங்காது. ஒரே தடத்தில் பேருந்தும் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போக இடமே கிடையாது. பின்னால் வருகிறவர் அடுத்த தடத்துக்கு மாறித்தான் முந்த வேண்டும், அதற்கு வழி இல்லை என்றால் காத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் 2020 முதல் நகரத்துக்குள் சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நான் டிரைவிங் ஸ்கூலில் படித்தபோது எட்டு போடச் சொல்லிக் கொடுத்தார்கள். சைக்கிளை எப்படி முந்துவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஹாரன் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் திடீரென்று பலமாக ஹாரன் கேட்டால் சைக்கிளில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது ஹேண்டில்பாரும் தன்னால் வலது பக்கம் இழுக்கும். அதாவது வண்டி வரும் பக்கமே அவர் சாய்வார். விலகட்டும் என்று அடித்த ஹாரன் அவரைக் குறுக்கே கொண்டுவந்துவிடுகிறது. தூரத்தில் வரும்போதே ஒரு சின்ன ஹாரன் போதும், அதோடு வேகத்தையும் குறைத்துக்கொண்டால் அவரே புரிந்துகொள்வார்.

எனக்கு அதிகம் பயம் தருவது பேருந்தோ தண்ணி லாரியோ இல்லை, லெஃப்ட் கட்தான். நம்மை முந்திக்கொண்டு வந்து, இரண்டு நொடியில் நம் முன்னாலேயே இடது பக்கம் சந்துக்குள் திரும்புவார்கள். இன்டிகேட்டர் போட்டிருப்பார்கள், அதுவும் நம்மைத் தாண்டிய பிறகு. சைக்கிள் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும், அதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த வேகத்திலும் நொடிக்கு நான்கு மீட்டர் வருகிறது. சைக்கிள் பிரேக், ஈரச் சாலையில், காரின் கதவுக்கு முன்னால் நிற்காது. அவர் நம் பின்னால் ஐந்து நொடி வந்து, நாம் சந்தைத் தாண்டிய பிறகு திரும்பினால் யாருக்கும் ஒன்றும் நஷ்டம் இல்லை.

அடுத்தது கார்க் கதவு. ஓரத்தில் நிறுத்திய காரின் ஓட்டுநர் வலது கையால் கதவைத் திறந்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவே தோன்றாது. இடது கையால் திறந்து பாருங்கள், உடம்பும் தலையும் தானாகப் பின்பக்கம் திரும்பும். சிக்னலில் நிற்கும்போது இடது பக்கம் இறங்கும் பயணிகள் வலது கையால் திறக்கலாம். நெதர்லாந்தில் இதைப் பழக்கமாகவே சொல்லித்தருகிறார்கள். வாடகை கார் ஓட்டும் தம்பிகள் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மாநகரப் பேருந்து ஓட்டுநர்களைப் பற்றி நிறையப் பேர் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள் பரவாயில்லை. நிறுத்தத்தில் ஆட்டோவும் காரும் நிற்பதால் பேருந்து சாலை நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்போது இடது பக்கம் நுழையும் சைக்கிள்காரர் இறங்குகிறவர்கள் மேல் மோதுவார். தயவுசெய்து அப்படி நுழையாதீர்கள், பின்னால் நின்று பேருந்து கிளம்பியதும் போங்கள். கைக்குழந்தையோடு இறங்கும் பெண்ணுக்கு நம் சைக்கிளும் ஆபத்துதான்.

நம் பக்கம் இன்னும் இரண்டு குறை உண்டு. இரவில் விளக்கு இல்லாமல் போவது, ராங் சைடில் போவது. விளக்குக்கு வழி செய்யலாம்: பின்பக்க மட்கார்டில் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கருக்கு அதிகம் செலவாகாது, வேலை கொடுக்கிறவர்களே வாங்கிக் கொடுக்கலாம். ராங் சைடு விஷயம் அவ்வளவு எளிதில்லை. ராஜீவ் காந்தி சாலையில் எதிர்ப்புறம் இருக்கும் கட்டடத்துக்குப் போக யூ டர்ன் வரை மிதித்து, திரும்பி வர வேண்டும். பைக்குக்கு அது ஒரு நிமிடம். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த ஐம்பத்தைந்து வயதுக்காரரின் காலுக்கு அப்படி இல்லை. அவர் செய்வது சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்ஜின் இருப்பவர்களை மட்டும் நினைத்துச் சாலை போட்டால் இதுதான் நடக்கும்.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. அந்தச் சைக்கிளில் மாலை வீடு திரும்பும் பெண் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பைக்கை மெதுவாக உருட்டிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் நான் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து கொஞ்ச தூரம் ஓட்டுவேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பார்த்தவர்கள் கேலி பேசினார்கள், அந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. அப்படிப்பட்ட ஊர் நம்முடையது. முருகப்பா குழுமத்தின் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனமும் 1949ல் அம்பத்தூரில்தான் தொடங்கியது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று நாம் பார்த்து வளர்ந்த சைக்கிள்கள் அவர்களுடையவை.

"ரோடு டாக்ஸ் கட்டுறியா?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்கிறேன். மாநகராட்சித் தெருக்கள் சொத்து வரியிலும் அரசு தரும் நிதியிலும் போடப்படுகின்றன. வாடகை கொடுப்பவர் வழியாகவும் அந்தச் சொத்து வரி போகிறது. சைக்கிளில் போகிறவர் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் வரி உண்டு. அதோடு அவர் சைக்கிள் சாலையைத் தேய்ப்பதில்லை, பள்ளம் ஆக்குவதில்லை, புகை விடுவதில்லை.

சென்னை மாநகராட்சி 2014ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் இருக்கிறது. அதன் பிறகு பல சாலைகளில் நடைபாதை அகலமானது, 2019ல் பாண்டி பஜாரும் மாறியது, அதெல்லாம் நல்லதே. ஆனால் நான் போகும் வழியில், தரமணி வரை, சைக்கிளுக்கென்று பிரித்த ஒரு மீட்டர் தடம்கூட இல்லை. நாடு முழுக்க 2022ல் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாலை விபத்தில் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்தால் மனது தாங்கவில்லை.

தடம் போடுவது அரசின் வேலை, அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். இடைவெளி விடுவது இன்று மாலையே நம்மால் முடியும். இன்னொன்றும் முடியும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அலுவலகங்களில், காருக்குக் கூரை இருக்கிறது, பைக்குக்குக் கோடு போட்ட இடம் இருக்கிறது. அங்கேயே வேலை செய்யும் செக்யூரிட்டியும் வீட்டு வேலை செய்யும் அக்காவும் சைக்கிளை வெளியே மதில் ஓரம் மழையில் நிறுத்த வேண்டும், சங்கிலி போட்டுக் கட்ட ஒரு கம்பிகூட இருக்காது. காணாமல் போனால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். இதைப் படிப்பவர்களில் சங்கத்திலோ அலுவலக நிர்வாகத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்று தெரியும். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கேட்டுக்கு உள்ளே, கூரைக்குக் கீழே, பத்து சைக்கிள் நிற்கும் அளவுக்கு ஓர் இரும்பு ஸ்டாண்ட் போதும். ஒரு கார் நிற்கும் இடம் அதற்குத் தாராளம். போட்டு முடித்ததும் கமென்டில் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.