மரக்கன்று வேண்டாம், தட்டைப்பயறு கொடுங்கள்

பள்ளியில் விவசாயம் சொல்லித்தருவது என்றால் பல இடங்களில் ஒருநாள் விழா எடுத்து மரக்கன்று நடுவதோடு சரி. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தாலும் கன்று நட்டபடியேதான் நிற்கும். ஆறு வயதுப் பிள்ளை பொறுத்திருப்பதெல்லாம் மிஞ்சினால் 3, 4 நாள். அதற்குள் மண்ணைப் பிளந்துகொண்டு தலைகாட்டுகிற விதை வேண்டும். எங்கள் கணக்கில் முதல் விதை தட்டைப்பயறு. சின்ன விரலுக்குப் பிடிபடும், ஈரம் சரியாக இருந்தால் 3, 4 நாளில் முளைக்கும். கூடவே முளைக்கீரை, 25 நாளில் பறித்துவிடலாம். ஆடி பிறந்ததும் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்குள் 2 முறை கீரை சத்துணவுக் கூடத்துக்குப் போய்விடும்.

பாத்தி 3 அடி அகலம், 6 அடி நீளம். நீளம் கூடலாம், அகலம் கூடவே கூடாது. இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பிள்ளைகள் உள்ளே இறங்கி மிதிப்பார்கள், மண் இறுகிவிடும். கொத்திக் கட்டி உடைத்த மண் 3 பங்குக்கு மக்கிய தொழுவுரம் 1 பங்கு. அள்ளிப் பார்த்தால் சாண வாடை இருக்கக் கூடாது, உதிர வேண்டும். அரைகுறையாக மக்கிய எரு வேரைத் தின்னும் வெள்ளைப்புழுவையும் சேர்த்துக் கொண்டுவரும்.

விதை வாங்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். சிவப்போ நீலமோ சாயம் ஏறிய விதை என்றால் அது பூஞ்சாணக்கொல்லி கலந்து நேர்த்தி செய்தது. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. சாயமில்லாத நாட்டு விதையோ, வீட்டு அடுக்களையில் இருக்கும் முழுப் பயறோ போதும். யாராவது ஒரு பிள்ளை உடைத்த பருப்பைக் கொண்டுவரும். தடுக்காதீர்கள், அதையும் ஓர் ஓரத்தில் ஊன்றட்டும். அது முளைக்காமல் அழுகும்போது முழுப்பயறு ஒன்றைப் பிளந்து, இரண்டு பருப்புக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி முளையைக் காட்டுங்கள். உடைத்த பருப்பு ஏன் முளைக்கவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனி ஆர்வம் செய்யும் வேலைக்கு வருவோம். பள்ளித் தோட்டங்கள் பூச்சியால் கெடுவதைவிட, பிள்ளைகளின் ஆசையால் கெடுவதுதான் அதிகம். முதலில் தண்ணீர். 30 பிள்ளைகள் ஆளுக்கொரு லிட்டர் குவளை ஊற்றினால் அந்தச் சின்னப் பாத்திக்கு 30 லிட்டர். மண் சேறாகும், கீரை நாற்று தரையை ஒட்டி அழுகிச் சாயும். முறை வைத்து 5 பேர் மட்டும் ஊற்றட்டும் என்றால் மற்ற 25 பேர் அழுவார்கள், அது நியாயமும்கூட. பழைய தண்ணீர்ப் புட்டியின் மூடியில் ஆணியால் துளை போட்டு ஆளுக்கு 300 மில்லி கொடுங்கள். மொத்தம் 9 லிட்டர், 18 சதுர அடிக்கு ஒரு நாளைக்கு அது போதும். 30 பேருக்கு 9 லிட்டர் எப்படி வந்தது என்பதே அன்றைய கணக்குப் பாடம். வேலை வழியே பாடம் என்றுதான் 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியைப் பேசினார். அதற்குப் பெரிய பண்ணை தேவையில்லை.

அடுத்தது ஆழம். "குழி போடு" என்றால் பிள்ளை விரலை முழுக்க இறக்கிவிடும். தட்டைப்பயறுக்கு ஓர் அங்குலம் போதும். சுண்டுவிரலில் மையால் கோடு போட்டுவிடுங்கள். கீரை விதைக்குக் குழியே வேண்டாம். ஒரு பிடி விதைக்குப் பத்துப் பிடி மணல் கலந்து தூவி, மேலே லேசாக மண் தெளித்தால் சரி. எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றி அரிசி நொய் போடுவார்கள். இந்த வேலையை எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் செய்வார்கள்.

மூன்றாவது, எல்லா ஆசிரியர்களும் திட்டுவது: விதையைத் தோண்டிப் பார்ப்பது. தயவுசெய்து திட்டாதீர்கள். வேர் முதலில் வருமா, இலை முதலில் வருமா என்று தெரிந்துகொள்ளத் துடிக்கும் பிள்ளை அது. பாத்தியோரம் 20 விதையைத் தோண்டிப் பார்ப்பதற்கென்றே ஊன்றி, ஒரு கல் வைத்து அடையாளம் போடுங்கள். தினமும் 2 விதை எடுத்துப் பார்க்கட்டும். பாத்தி தப்பிக்கும், பிள்ளையும் வேரைப் பார்த்துவிடும்.

35 நாள் ஆனதும் தட்டைப்பயறுச் செடி ஒன்றைச் சுற்றிலும் மண்ணோடு அகழ்ந்து எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா குடியிருக்கும் இடம் அது. சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் இதை நோய் என்றுதான் முதலில் சொல்வார்கள். உடனே திருத்தாமல், பக்கத்துக் கீரை வேரையும் அலசிப் பார்க்கவிடுங்கள்.

காய் பறித்து முடிந்ததும் பயறுச் செடியைப் பிடுங்க வேண்டாம், தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். அந்த வரிசையிலும், பயறே போடாத வேறொரு வரிசையிலும் ஒரே நாளில் கீரை தூவுங்கள். எது கரும்பச்சையாக வருகிறது என்று பிள்ளைகள் வந்து சொல்லட்டும்.