வலப்பக்கம் திருப்பியது நானல்ல, பேருந்து

நாகர்கோவில் வடசேரியில் ஏறி, தக்கலை வழியாகக் குலசேகரம் செல்லும் அரசுப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால், வீடு சேரும் வரை கைப்பேசியில் கார் பந்தயம் ஆடுவது ஆறு மாதமாக என் வழக்கம். நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த விளையாட்டில் ஏன் இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கிறேன் என்பதற்கு, கடந்த வாரம் தக்கலையைத் தாண்டியபின் வந்த வளைவுகளில் பாதி விடை கிடைத்தது.

கைப்பேசியைச் சாய்த்துக் காரைத் திருப்பும் முறையைத்தான் நான் தேர்ந்தெடுத்திருந்தேன். பேருந்து இடப்பக்கம் வளைந்தது. என் கை அசையவில்லை. ஆனால் திரையில் நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்த என் கார் வலப்பக்கம் பாய்ந்து தடுப்புச் சுவரில் உரசியது. அடுத்து பேருந்து வலப்பக்கம் வளைந்தபோது கார் இடப்பக்கம் போனது. மூன்றாவது வளைவில்தான் நிமிர்ந்து பார்த்தேன். முன்னிருக்கைக் கம்பியில் யாரோ மாட்டியிருந்த துணிப்பையும், என் காரைப் போலவே, பேருந்து திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி அந்தப் பையைப் போன்றதுதான். கீழ்நோக்கிய இழுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தே அது சாய்வைக் கணிக்கிறது. வண்டி திரும்பும்போது உண்டாகும் பக்கவாட்டு முடுக்கத்தையும் புவியீர்ப்பையும் அதனால் பிரித்தறிய முடியாது. பக்கவாட்டு முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், கைப்பேசி சுமார் 11 பாகை சாய்ந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்தக் குழப்பம் ஓரளவு குறையும். 2010இல் வந்த ஐபோன் 4இலேயே அந்தக் கருவி இருந்தது. விலை குறைந்த பல கைப்பேசிகளில் இன்றும் இல்லை, என்னுடையதிலும் இல்லை.

சரி, ஓடும் பேருந்தில் சாய்த்து ஆடியது என் பிழை என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுத் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்து, திரையின் இரு ஓரங்களிலும் உள்ள பொத்தான்களால் ஆடிப் பார்த்தேன். இங்கே குறை வேறு வகையானது. பொத்தானுக்கு இரண்டே நிலைகள்: அழுத்தினால் சக்கரம் முழுவதும் திரும்பும், விட்டால் நேராகும். கொஞ்சமாகத் திருப்புதல் என்பதற்கு அங்கே இடமே இல்லை. ஆகவே மெல்லிய வளைவொன்றைக் கடக்க, தந்தி அடிப்பவரைப் போல விட்டு விட்டுத் தட்ட வேண்டியிருக்கிறது. காரும் குடித்தவன் நடப்பதைப் போல அலைந்து அலைந்து போகிறது. போதாக்குறைக்கு, எந்த மூலையைப் பார்த்து வளைய வேண்டுமோ அந்த மூலையை என் கட்டைவிரலே மறைத்துக்கொள்கிறது.

1982இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட போல் பொசிஷன் ஆட்டப்பெட்டியில் உண்மையான ஸ்டியரிங் சக்கரமும் கியர் தண்டும் இருந்தன. படம் இன்றைய கண்ணுக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் கைக்குப் பிடிக்க ஒரு பொருள் இருந்தது. இன்று காரின் பெயிண்டில் மேகம் நிழலாடுகிறது, கைக்குக் கண்ணாடி மட்டுமே மிஞ்சுகிறது. எங்கள் பேருந்து ஓட்டுநரின் கைகளைக் கவனித்தால் இது விளங்கும். வளைவு முடிந்ததும் அவர் பிடியைத் தளர்த்துகிறார். அந்தப் பெரிய சக்கரம் அவருடைய உள்ளங்கைக்குள் வழுக்கிச் சுழன்று தானாகவே நடுநிலைக்குத் திரும்புகிறது. சாலை என்ன சொல்கிறது என்பதை டயர்கள் அந்தச் சக்கரத்தின் வழியே அவருக்குத் தெரிவித்தபடி இருக்கின்றன. கண்ணாடித் திரை எனக்கு எதையும் தெரிவிப்பதில்லை; சுவரில் மோதியபின் ஒருமுறை அதிர்கிறது, அவ்வளவுதான்.

இதைவிட என்னை எரிச்சலூட்டுவது, நிறுத்தவே முடியாத தானியங்கி ஆக்சிலரேட்டர். பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு செல்லும் மலைச்சாலையில், மழை நனைத்த ரப்பர் இலைகள் கிடக்கும் நாளில் பைக் ஓட்டிய எவரும் வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தொடமாட்டார்கள். வளைவுக்கு முன்பே ஆக்சிலரேட்டரை விட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் நுழைவார்கள். டயருக்கும் சாலைக்கும் இடையேயான பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. பிரேக்குக்கு எவ்வளவு செலவாகிறதோ, திரும்புவதற்கு அவ்வளவு குறையும். ஒரே சம்பளத்தில் வாடகையும் வட்டியும் கட்டுவது போன்ற கணக்கு இது. இந்த விளையாட்டில் ஆக்சிலரேட்டரை விடும் உரிமையே எனக்கு இல்லாததால், வேகத்தைக் குறைக்க பிரேக் ஒன்றுதான் வழி. அதைத் தொட்டாலோ கார் சறுக்கத் தொடங்கிவிடுகிறது.

தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 180 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 50 மீட்டர். விரல் பட்டதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிந்தால், அதற்குள் கார் 5 மீட்டர் கடந்திருக்கும். அது ஏறத்தாழ ஒரு காரின் முழு நீளம். சித்திரை வெயிலில் கைப்பேசி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போது படம் திக்கித் திக்கி நகர்வதால், இந்தத் தாமதம் இன்னும் கூடுகிறது.

என் மருமகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இதே விளையாட்டில், இதே கைப்பேசியில், ஏறக்குறைய எல்லாப் பந்தயத்திலும் வெல்கிறான். இரகசியத்தைக் கேட்டேன். “மாமா, மஞ்ச போர்டு வந்த ஒடனே அமுக்கணும், பொறவு கைய எடுத்திரணும்” என்றான். அவன் காரைப் பார்ப்பதே இல்லை. எந்தப் பலகையில் அழுத்துவது, எந்த மரத்தில் விடுவது என்று பாதை முழுவதையும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்திருக்கிறான். அவனுடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, பொறாமையும் கொஞ்சம் உண்டு. ஆனால் அதை ஓட்டுவது என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் திரையில் கடை விரிகிறது. அங்கே வேகம், முடுக்கம் ஆகியவற்றோடு ‘கையாளுமை’யும் ஒரு பட்டையாக நிற்கிறது, காசு செலுத்தினால் அந்தப் பட்டை நீளும். வேகமான எஞ்சினை விலைக்கு விற்பது விளையாட்டின் இயல்பு, அதில் எனக்குப் புகார் இல்லை. சொன்ன சொல் கேட்கும் காரை விலைக்கு விற்பவருக்கு, இலவசமாகக் கொடுத்த காரைச் சொல் கேட்க வைக்க என்ன அவசரம் இருக்கப்போகிறது? ஐயம்தான், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை சுவரில் மோதும்போதும் இந்த ஐயமே முதலில் எழுகிறது.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. பந்தயம் தொடங்கும்போது கைப்பேசியை நான் பிடித்திருக்கும் கோணத்தையே நடுநிலையாகக் கொள்ளட்டும். பொத்தானுக்குப் பதிலாக, விரலை எவ்வளவு தூரம் நகர்த்துகிறேனோ அவ்வளவு மட்டும் சக்கரம் திரும்பட்டும். ஆக்சிலரேட்டரை என்னிடம் கொடுக்கட்டும். இவற்றில் சில வேறு விளையாட்டுகளில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதால், முடியாது என்று எவரும் சொல்ல இயலாது.

இப்போதைக்குச் சாய்வின் உணர்திறனைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி வைத்து, திண்ணையில் மட்டும் ஆடுகிறேன். நேற்று எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தேன். இதைவிட நல்ல அமைப்பு கண்டுபிடித்தவர்கள் இருந்தால், குறிப்பாக வளைவில் கார் அலையாமல் இருக்க எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மருமகனிடம் மறுபடி கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை.