முகப்பு இருக்கிறது, குடித்தனம் எங்கே?

புதுச்சேரி டவுனுக்குள்ள பிள்ளைகளோடு குடியிருக்க வாடகைக்கு ஒரு வீடு தேடிப் பாருங்கள். தரகர் நேராக லாஸ்பேட்டை, வில்லியனூர் பக்கம் கைகாட்டுவார். சுற்றுலாக்காரர் வந்து தங்கும் ஹோம்ஸ்டே என்றால் மட்டும் எந்த வீதியில் நுழைந்தாலும் அறை கிடைக்கும்.

பழைய வீடுகளைக் காக்க விதியே இல்லையா என்றால், இருக்கிறது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, மாற்றிக் கட்ட அனுமதி வாங்க வேண்டும். வைசியாள் வீதியைத் திண்ணையும் தாழ்வாரமுமாகச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதே வந்தது. நல்ல வேலைதான். ஆனால் இதெல்லாம் தெருவில் நின்று பார்த்தால் தெரிகிற சுவருக்கான காவல். உள்ளே ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடுகிறதா, இல்லை முற்றத்தைச் சுற்றி அறை அறையாகத் தடுத்து ஆன்லைனில் விடுகிறார்களா என்பது அதில் பெரிதாக வருவதில்லை. ஹோம்ஸ்டே என்று பதிவு செய்வது வேறு, ஊரில் ஒரு குடியிருப்பு குறைந்துபோனது என்று கணக்கு வைப்பது வேறு.

லண்டனில் அந்தக் கணக்கு வைக்கிறார்கள். 2021-ல் வந்த பெருநகரத் திட்டப்படி, இருக்கிற வீடு போனால் அதற்கு ஈடாகக் குறைந்தது அதே தளப்பரப்புக்காவது வீடு வர வேண்டும். ஒரு வீட்டை வருடத்தில் 90 இரவுக்கு மேல் வந்துபோகிறவர்களுக்கு விடுவதென்றால் திட்ட அனுமதி வேண்டும். பாரிஸில் இன்னும் கறார். ஒரு வீட்டை முழுநேரச் சுற்றுலா வாடகைக்கு மாற்றுகிறவர், கடையாகவோ அலுவலகமாகவோ இருந்த வேறொரு இடத்தை வீடாக்கித் தர வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டையே 2025 முதல் வருடத்துக்கு 90 நாள்தான் விடலாம், முன்பு 120. பிரெஞ்சுக்காரர்களின் தெருப்பெயரையும் போலீஸின் சிவப்புத் தொப்பியையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம், இதையும் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கலாம்.

சுற்றுலாதானே நமக்குச் சோறு போடுகிறது என்பீர்கள். சரி, போடுகிறது. அந்த அறைகளைக் கூட்டிப் பெருக்கி, துணி துவைத்துப் போடுகிறவர்கள் மட்டும் ஏன் பஸ் ஏறி வர வேண்டும்?

வீட்டுக்காரர்களைத் திட்டி எழுத எனக்கு மனசில்லை. மெட்ராஸ் டெரஸ் என்கிற, செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை ஒரு மழைக்கு ஒழுக ஆரம்பித்தால், தேக்கு உத்தரம் மாற்ற, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைப் பிடிக்க ஆகும் செலவுக்கு மாத வாடகை எந்த மூலைக்கு? அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வேறு. மேரி என்கிற, அரசாங்கத்தின் பழைய நகராட்சிக் கட்டடமே 2014 மழையில் இடிந்து விழுந்து, உலக வங்கிப் பணத்தில் 2021-ல்தான் திரும்ப எழுந்தது. தனி ஆள் என்ன செய்வார்?

அதனால் தடை மட்டும் போட்டால் வீடு பூட்டியே கிடந்து பாழாகும். குடும்பத்துக்கு வாடகைக்கு விடுகிறவருக்கு வீட்டு வரியில் கழிவும், கூரை பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடனும் கொடுங்கள். மொத்த வீட்டையும் விடுதியாக்குகிறவரிடம் ஈடு கேளுங்கள், இடமாகவோ பணமாகவோ. சொந்த வீட்டில் இருந்துகொண்டு மாடியில் ஒரு அறை விடுகிற பாட்டியை விட்டுவிடுங்கள். முதலில் புல்வாருக்குள், அதாவது பழைய நகரைச் சுற்றி ஓடும் சாலைக்குள் மட்டும் செய்து பார்க்கலாம், அதற்கு எத்தனை வீட்டில் இன்னும் குடித்தனம் இருக்கிறது என்று நகராட்சி வீதி வீதியாக ஒரு கணக்கெடுத்தாலே தொடங்கிவிடலாம்.