கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது சித்தப்பா!

"இவ்ளோ நேரம் விழலை இல்ல, அடுத்தது தாயம்தான்." இதை இன்னும் ஒரு தடவை யாராவது என் காதில் போட்டால், தாயக்கட்டை இரண்டையும் கெடிலத்தில் வீசிவிட்டு வந்துவிடுவேன். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

நேற்று ராத்திரி மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போச்சு. கரண்ட் போனால் எங்கள் சித்தப்பா கையில் பித்தளைக் கட்டை தானாக முளைத்துவிடும். எனக்கு எல்லாக் காயும் இறங்கி, ஒன்று பழமே ஆகிவிட்டது. அவருக்கு ஒரு காய்கூட இறங்கவில்லை. தாயம் விழுந்தால்தானே இறக்க முடியும்? உருட்டினார், மூன்று. உருட்டினார், நான்கு. கட்டையை ஊதிவிட்டு உருட்டினார், மறுபடி மூன்று. கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றினார். மெழுகுவர்த்தியால்தான் ராசி கெடுகிறது என்று அதை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். ஒருமுறை ஆறு விழுந்தது. காயே இறங்காதவருக்கு ஆறு எதற்கு? இப்படியே 17 தடவை. அப்புறம்தான் அந்தத் திருவாக்கு. கூடவே பத்து ரூபாய் பந்தயம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விதி, விளக்கப் போனேன். ஒரு கட்டைக்கு நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம். இரண்டு கட்டை சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் ஒன்றும் வெறும் பக்கமும் சேர்ந்து தாயமாவது 2 விதம்தான். ஆக 8இல் 1. 17 தடவை உருட்டியும் தாயமே விழாமல் போவது, பத்துப் பேர் உருட்டினால் ஏறக்குறைய ஒருத்தருக்கு நடக்கிற சங்கதி. 18ஆவது தடவையும் அதே 8இல் 1தான். 'பாவம், மனுஷன் ரொம்ப நேரமாகக் காத்துக் கிடக்கிறார்' என்று பித்தளை இரக்கப்படுமா?

"அப்ப சித்தி நடத்துற சீட்டு மட்டும் எப்படி? மாசம் போகப் போக சான்ஸ் ஏறும்னு நீதானே சொன்ன?"

நல்ல கேள்வி. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. குலுக்கல் சீட்டில் வந்த பெயரைத் திரும்ப டப்பாவில் போடுவதில்லை. முதல் மாதம் 20 பேரில் ஒருத்தன். 14 பேர் எடுத்துவிட்டார்கள், இப்போது நான் 6 பேரில் ஒருத்தன். அங்கே ஏறும். கட்டையிலிருந்து எதை எடுத்து வெளியே வைத்தோம், ஏறுவதற்கு? இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சீட்டு விஷயத்தில் இதே வாய்தான் மாதாமாதம் "உனக்கு ராசியே இல்லடா, இந்த மாசமும் விழாது" என்கிறது. ஏறுகிற இடத்தில் இறக்குவார், ஏறாத இடத்தில் ஏற்றுவார்.

சரி, பெரிய இடத்து உதாரணம் சொல்லலாம் என்று சூதாட்டத்துக்குப் பேர்போன மோன்டே கார்லோவுக்குப் போனேன். 1913 ஆகஸ்ட் 18. அங்கே சூதாட்டச் சக்கரத்தில் வரிசையாக 26 தடவை கறுப்பு விழுந்தது. 'இத்தனை கறுப்புக்கு அப்புறம் சிவப்பு வந்தே ஆகணும்' என்று சிவப்பின் மேல் கொட்டியவர்கள் லட்சக்கணக்கில் பிராங்கைத் தொலைத்தார்கள். சக்கரத்தில் 37 குழி, சிவப்பு 18, கறுப்பு 18, சுழியம் ஒன்று. 27ஆவது சுற்றிலும் அதே குழிகள்தான். "1654லேயே பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித மேதைகள் கடிதம் எழுதி எழுதி அலசிய கணக்கு சித்தப்பா இது" என்றேன்.

"பிரெஞ்சுக்காரனா? அப்ப நம்ம பாண்டிச்சேரிதான்."

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்கு வந்தது 1674இல், அப்போது பாஸ்கல் செத்து 12 வருஷம் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் உருட்டிவிட்டார்.

தாயம்.

சித்தி கைதட்டினார். பக்கத்து வீட்டிலிருந்துகூட யாரோ சிரித்தார்கள். "படிச்ச பிள்ளை தோத்துப்போச்சே" என்று பாட்டி இருட்டிலிருந்து உச்சுக்கொட்டினார். 8இல் 1 என்றால் எட்டில் ஒருமுறை விழத்தானே செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன், யார் கேட்கிறார்கள்? பத்து ரூபாய் நோட்டை எடுத்து வைத்தேன்.

மனுஷன் அதோடு விட்டாரா? "கட்டை சூடாயிடுச்சு, அடுத்ததும் தாயம்தான், இன்னொரு பத்து!" விழாததாலும் விழும், விழுந்ததாலும் விழும்! எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. உருட்டினார், நான்கு. ஜெயித்தேன்.

கொடுத்தது பத்து ரூபாய் நாணயம். காலையில் டீக்கடையில் நீட்டினால், "இது செல்லாது சார்." 14 வடிவ நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லியாகிவிட்டதய்யா! அந்த ஆளிடம் கால் மணி நேரம் கத்தினேன். டீ ஆறிப்போச்சு.